வேலையில்லாத கால்களை என்ன செய்வது?

ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலரின் 28 கால் வடிவத்தில், உள்ளீடாகவோ வெளியீடாகவோ நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய கால்கள் 23. வயலின் ஈரத்தை அளந்து, மணிக்கொரு தரம் ஓர் எண்ணை அனுப்பிவிட்டுத் தூங்கப்போகும் சின்னக் கருவிக்கு அவற்றில் ஆறேழு போதும். மிச்சக் கால்களை என்ன செய்வது? சர்க்யூட் வரைபவர் அவற்றின்மேல் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நிரல் எழுதுபவர் தனக்கு வேண்டிய கால்களின் பெயர்களை மட்டும் தேடி எடுத்துக்கொள்வார். மற்றவை அவர் கண்ணில் படவே வழியில்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் விட்டுவிட, கருவி தயாராகிக் கடைக்கும் போய்விடும். பெரும்பாலும் வேலையும் செய்யும். அதனால்தான் இந்தக் கேள்வி இத்தனை வருடங்களாகத் தீராமல் கிடக்கிறது.

தீராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிப் தயாரிக்கும் நிறுவனங்களே ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. ஒருவர் காலை மின்தடை வழியாகச் சப்ளை பக்கம் இழுக்கும் புல்-அப் போடச் சொல்கிறார், இன்னொருவர் வெளியீடாக்கச் சொல்கிறார், மூன்றாமவர் அனலாக் நிலையில் வைக்கச் சொல்கிறார். அவரவர் சிப்புக்கு அவரவர் பதில் சரி. ஒன்றின் பதிலை மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

முதலில், சும்மா விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம். இன்றைய மைக்ரோகன்ட்ரோலர்கள் சிமோஸ் முறையில் உருவாகின்றன. 1963-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் இருந்த ஃப்ராங்க் வான்லாஸ் கண்ட வழி அது. இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒன்று சப்ளை பக்கம், மற்றது கிரவுண்ட் பக்கம். உள்ளீடு உயர்ந்தால் கீழது கடத்தும், மேலது அடைத்துக்கொள்ளும். தாழ்ந்தால் நேர்மாறு. எந்நேரமும் ஏதோ ஒன்று அடைத்திருப்பதால் சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேர்வழி கிடையாது. கைக்கடிகாரம் ஒரு பட்டன் பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடுவது இந்தச் சிக்கனத்தால்தான். ஆனால் இந்தச் சிக்கனம் உள்ளீடு தெளிவாக மேலேயோ கீழேயோ இருக்கும்வரைதான். நடுவில், அதாவது 3.3 வோல்ட் சப்ளையில் ஒன்றரை வோல்ட்டை ஒட்டி, உள்ளீடு நின்றுவிட்டால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் அரைகுறையாகக் கடத்தும். மின்சாரம் யாருக்கும் பயனில்லாமல் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும்.

எதனோடும் சேராத கால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. அந்தக் காலுக்கு உள்ளே இருப்பது மின்காப்பு செய்யப்பட்ட கேட். அதன் மின்தேக்கம் சில பிக்கோஃபாரட்தான். 5 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நானோ ஆம்பியர் கசிவு அதைச் சுமார் 8 மில்லி விநாடியில் பூச்சியத்திலிருந்து நடு மின்னழுத்தத்துக்குக் கொண்டுபோய்விடும். ஈரக்காற்று, போர்டில் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ், பக்கத்துக் காலில் ஓடும் கடிகாரத் துடிப்பு, சுவரில் போகும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி, மேலே நீளும் விரல் எதுவும் அந்தக் காலை அசைக்கும். உள்ளே ஷ்மிட் ட்ரிகர் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சுற்று, தடுமாறும் உள்ளீட்டை நிரலுக்குத் தெளிவான 0 அல்லது 1 ஆகக் காட்டும். நடு மின்னழுத்தத்தில் ஓடும் வீண் மின்னோட்டத்தை அது தடுப்பதில்லை.

சேதம் எவ்வளவு என்பது சிப்பையும் வெப்பத்தையும் பொறுத்தது. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். சிஆர்2032 பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி. கருவி சராசரியாக 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம் ஓடும். மிதக்கும் கால்கள் மொத்தமாக இன்னொரு 50 மைக்ரோ ஆம்பியர் குடித்தால் 4,000 மணி நேரம், ஐந்தரை மாதம். கருவியை விற்றவர் பேட்டரியைக் குறை சொல்வார், பேட்டரி விற்றவர் கருவியைச் சொல்வார்.

இந்தக் கோளாறைப் பிடிப்பதும் சுலபமில்லை. சந்தேகப்பட்ட காலில் மல்ட்டிமீட்டரின் முனையை வைத்துப் பாருங்கள். மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம். மிதக்கும் காலை கிரவுண்டுக்கு இழுக்க அதுவே தாராளம். மீட்டர் பூச்சியம் காட்டும், வீண் மின்னோட்டமும் நின்றிருக்கும். முனையை எடுத்ததும் கால் மறுபடி மிதக்கத் தொடங்கும். காலையில் ஒரு அளவு, மழை நாளில் ஒரு அளவு, கையை அருகில் கொண்டுபோனால் வேறொரு அளவு காட்டும் போர்டைப் பார்த்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மின்செலவைவிட மோசமானது தவறான துடிப்பு. மிதக்கும் காலில் இன்டரப்ட் இயங்கிக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஒரு ரிலே மாறும்போதெல்லாம் நிரல் இல்லாத விருந்தாளிக்குக் கதவைத் திறந்துகொண்டிருக்கும். ஆனால் இன்டரப்ட்டை யாரோ ஒருவர் நிரலில் இயக்கியிருந்தால்தான் இப்படி நடக்கும். வெறுமனே மிதக்கும் கால் நிரலைக் குழப்பாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த விஷயத்தில் ஏன் இத்தனை அலட்சியம்? பாதிப் பழி வரலாற்றுக்கு. 1960-களில் புகழ்பெற்ற 7400 வரிசை டிடிஎல் சிப்புகளில் இணைக்காத உள்ளீடு தானாகவே 1 என்று நடந்துகொள்ளும். நல்ல பழக்கம் இல்லைதான்; ஆனாலும் வேலை செய்தது. 1980-இல் இன்டெல் கொண்டுவந்த 8051-இல் ரீசெட் ஆனதும் எல்லாப் போர்ட்டுகளிலும் 1 எழுதப்பட்டிருக்கும். அவற்றில் 1, 2, 3 ஆகிய போர்ட்டுகளுக்கு உள்ளேயே பலவீனமான புல்-அப் உண்டு. ஆக அங்கே சும்மா விட்ட கால் மிதப்பதே இல்லை. புல்-அப் இல்லாத போர்ட் 0 மட்டும் விலக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கைவைத்த முதல் மைக்ரோகன்ட்ரோலர் அந்த 8051தான். பயன்படாத கால் என்ற கேள்வியே எழாத சிப்பில் படித்தவர்கள், அந்தக் கேள்வி எழும் சிப்புகளுக்குப் பழைய பழக்கத்தோடு வந்து சேர்ந்தார்கள். பாடப்புத்தகத்தின் பிழையென்று இதைச் சொல்லமுடியாது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு வகுப்பு இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

இனி நிறுவனங்களின் பதில்கள். ஏவிஆர் குடும்பத்தின் டேட்டாஷீட்டில் இணைக்காத கால்களுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. உள் புல்-அப்பை இயக்குவதே எளிய வழி என்கிறது அது. ஏடிமெகா328பி-யில் அந்த மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை. கூடவே இரண்டு எச்சரிக்கை. ரீசெட் நேரத்தில் இந்த புல்-அப் வேலை செய்யாது. அந்த நேரத்து மின்செலவும் முக்கியமென்றால் வெளியே மின்தடை போட வேண்டும். காலை நேரடியாக சப்ளையிலோ கிரவுண்டிலோ கட்டாதீர்கள். தவறி அது வெளியீடானால் அளவுக்கு மீறி மின்சாரம் பாயும். இன்னொரு விவரம் பலர் கவனிக்காதது. இந்தச் சிப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனதும், வெளி இன்டரப்ட்டுக்கு இயக்கிய கால்கள் தவிர மற்றவற்றின் உள்ளீட்டுச் சுற்றைத் தானாகவே கிரவுண்டில் கட்டிவிடும். ஆகவே தூங்கும் ஏடிமெகா அதிகமாக மின்சாரம் எடுத்தால் மிதக்கும் கால்கள் மேல் பழிபோடும்முன் அனலாக் மாற்றி, பிரவுன்-அவுட் காவல் போன்றவற்றை அணைத்தோமா என்று பார்ப்பது நல்லது. விழித்திருக்கும் நேரத்திலும் ஐடில் தூக்கத்திலும்தான் மிதப்புக்கு அங்கே விலை உண்டு.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்எஸ்பி430 பேட்டரிக் கருவிகளுக்கென்றே பிறந்தது. அதன் கையேடு, பயன்படாத காலை வெளியீடாக்கி, போர்டில் எதனோடும் இணைக்காமல் விடச் சொல்கிறது. 0 எழுதினாலும் 1 எழுதினாலும் ஒன்றுதான். கால் எதையும் தொடவில்லையே! உள் மின்தடையை இயக்குவது அங்கே மாற்று வழி. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் எம்எஸ்பி430ஜி2553-இன் 20 கால் வடிவத்தில் இருக்கிறது. அதில் மூன்றாம் போர்ட்டுக்கு வெளியே கால்களே கிடையாது. ஆனால் உள்ளே சிலிக்கானில் அந்தப் போர்ட் இருக்கிறது, அதன் உள்ளீடுகள் மிதக்கின்றன. அவற்றைக் கிரவுண்டுக்கு இழுக்கும் புல்-டவுன் மின்தடைகளை இயக்கிவிடுங்கள் என்று டேட்டாஷீட்டில், கால்களின் படத்துக்குக் கீழே, ஒற்றை வரிக் குறிப்பு. கண்ணுக்குத் தெரியாத காலுக்கும் நிரல் எழுத வேண்டும்! சர்க்யூட் தாளை மட்டும் பார்த்து வேலை செய்பவருக்கு இது ஒருநாளும் தெரியவராது.

மைக்ரோசிப்பின் 16 பிட் வரிசைகளான பிக்24, டிஎஸ்பிக் சிப்புகளின் டேட்டாஷீட்கள், பயன்படாத காலை வெளியீடாக்கி 0-இல் வைக்கச் சொல்கின்றன. இல்லையென்றால் 1 முதல் 10 கிலோ ஓம் மின்தடை வழியாக கிரவுண்டுக்கு இணைத்து, வெளியீட்டையும் 0-இல் வைக்கச் சொல்கின்றன. எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 சிப்புகளுக்குப் பதில் அனலாக் நிலை. அந்த நிலையில் ஷ்மிட் ட்ரிகர் அணைந்துவிடும். கால் எந்த மின்னழுத்தத்தில் அலைந்தாலும் உள்ளே அதைக் கேட்க ஆளில்லை. எஸ்டிஎம்32எஃப்1, எஃப்4 வரிசைகளில் ரீசெட் ஆனதும் பெரும்பாலான கால்கள் மிதக்கும் உள்ளீடுகளாக எழும். பின்னால் வந்த எல்4 வரிசையில் அவை அனலாக் நிலையிலேயே எழுகின்றன. புதிய ஏவிஆர்களிலும் ஒவ்வொரு காலின் உள்ளீட்டுச் சுற்றையும் தனித்தனியாக அணைக்கும் வசதி வந்துவிட்டது. நார்டிக்கின் என்ஆர்எஃப்52 இன்னும் ஒருபடி மேல். நாம் கேட்கும்வரை எந்தக் காலின் உள்ளீடும் இணைக்கப்படுவதே இல்லை. அந்தச் சிப்பில் பயன்படாத கால்களுக்கு நிரல் எழுத வேண்டியதே இல்லை. இந்த வரிசையைக் கவனித்தால், நிரல் எழுதுபவர் மறந்துவிடுவார் என்பதை நிறுவனங்களே மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டு, பொறுப்பைச் சிலிக்கானுக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

ராஸ்பெர்ரி பையின் ஆர்பி2040 வேறு வழியில் போகிறது. அதில் கால்கள் உள்ளீடாக எழும், ஆனால் புல்-டவுன் இயங்கியபடியே. அதன் அடுத்த தலைமுறையான ஆர்பி2350 2024-இல் வந்தபோது ஒரு சங்கதி வெளிப்பட்டது. உள்ளீடு இயங்கும் நிலையில் கால் ஒருமுறை உயர்ந்துவிட்டால், உள்ளிருந்து வரும் கசிவு மின்னோட்டத்தை வெல்ல உள் புல்-டவுனுக்குத் திராணி போதவில்லை, கால் 2.2 வோல்ட்டை ஒட்டியே தங்கிவிட்டது. வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைந்த மின்தடை போடும்படி பிழைப்பட்டியலில் எழுதினார்கள். கையேட்டின் வாக்கை மட்டும் நம்பி, உள்ளீட்டை இயக்கி, புல்-டவுனோடு நிம்மதியாக இருந்தவர்களுக்கு அது நல்ல படிப்பினை.

இந்த வழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, புல்-அப்பின் மேல் சுமத்தப்படும் ஒரு வீண்பழியை முதலில் துடைக்க வேண்டும். மின்தடை வழியாக எப்போதும் மின்சாரம் வீணாகும் என்பார்கள். எதனோடும் இணையாத காலில் புல்-அப் இருந்தால் அங்கே ஓடுவது கசிவு மின்னோட்டம் மட்டும்தான்; மின்சாரம் போக வேறு இடமே இல்லை. அதே கால் போர்டில் கிரவுண்டோடு இணைந்திருந்தால் கதை வேறு. 3.3 வோல்ட்டில் 40 கிலோ ஓம் வழியாக 80 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் ஓயாமல் ஒழுகும். சர்க்யூட்காரர் கிரவுண்டில் கட்டினார், நிரல்காரர் புல்-அப் போட்டார். இருவரும் நல்லதே நினைத்து ஒரு ஓட்டையைச் செய்துவிட்டார்கள்.

வெளியீடாக்கி 0-இல் வைப்பது மின்காந்த இரைச்சலுக்கு எதிரே உறுதியானது. சில பத்து கிலோ ஓம் புல்-அப்பைவிட, வெளியீட்டு டிரான்சிஸ்டர் காலை கிரவுண்டோடு பல மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மோட்டார், வெல்டிங் இயந்திரம் இருக்கும் பட்டறைக்குப் போகும் போர்டென்றால் இதைத்தான் நான் விரும்புவேன். ஆனால் சால்டர் வழிந்து பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டால், 0-இல் நிற்கும் வெளியீடும் 1-இல் நிற்கும் வெளியீடும் நேருக்கு நேர் மோதும். ஏடிமெகா328பி-யின் ஒரு காலுக்கு உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். அந்த மோதலில் அது தாண்டப்படலாம். புல்-அப் போட்ட உள்ளீடாக இருந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. அடுத்த பதிப்பில் அந்தக் காலில் ஒரு சென்சரைப் பொருத்தி, பழைய ஃபர்ம்வேரையே ஏற்றினாலும் இதே மோதல். கால்கள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செருகும் ஆர்டுயினோ போன்ற பயிற்சிப் போர்டில் பயன்படாத காலை வெளியீடாக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆர்டுயினோ எல்லாக் கால்களையும் உள்ளீடாகவே விடுவது இந்த வகையில் நியாயம்தான். அதே ஆர்டுயினோ உலகில் இணைக்காத அனலாக் காலைப் படித்து, வரும் இரைச்சலைத் தற்போக்கு எண்களுக்கு விதையாக்கும் பழக்கமும் இருக்கிறது. விளையாட்டுக்குச் சரி. பூட்டு, கடவுச்சொல் விஷயத்தில் அந்த இரைச்சலை நம்ப வேண்டாம்.

போர்டிலேயே கிரவுண்டில் கட்டுவதைப் பற்றிய சண்டைக்கு விடை எளிது. 74எச்சி04 போன்ற தனி கேட் சிப்புகளில் பயன்படாத உள்ளீட்டை நேராகக் கட்டத்தான் வேண்டும்; அந்தக் கால் என்றைக்கும் வெளியீடாக மாறாது, அங்கே நிரலும் இல்லை. மைக்ரோகன்ட்ரோலரின் கால் ஒரு தவறான வரியில் வெளியீடாகிவிடும். அதனால் கட்டுவதென்றால் 10 கிலோ ஓம் மின்தடை வழியாகக் கட்டுங்கள். தவறு நடந்தாலும் மூன்றில் ஒரு பங்கு மில்லி ஆம்பியரோடு போகும்.

எந்த வழியை எடுத்தாலும் தொடக்கூடாத கால்கள் சில உண்டு. எஸ்டிஎம்32-இல் மிச்சக் கால்களையெல்லாம் அனலாக் ஆக்கு என்று கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் ஒரு விருப்பம் இருக்கிறது. டீபக் இணைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு அதை அழுத்தினால், பிஏ13, பிஏ14 இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். நிரல் ஏறும், அடுத்த முறை ஏற்றப்போனால் சிப் பேசாது. ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைக்கும் முறையில் மீட்டுவிடலாம், சிப் செத்துவிட்டதென்று குப்பையில் போட வேண்டாம். இஎஸ்பி32-இல் 12-ஆம் கால் மின்சாரம் வரும்போது உயர்ந்திருந்தால், ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் வேண்டுமென்று சிப் முடிவுசெய்துவிடும், 3.3 வோல்ட் ஃபிளாஷ் உள்ள போர்டு எழுந்திருக்காது. ஆகவே அந்தக் காலைச் சும்மா இருக்கிறதென்று சப்ளையோடு கட்டினால் கெட்டது. அதே சிப்பில் 34 முதல் 39 வரையுள்ள கால்கள் உள்ளீடு மட்டுமே. அவற்றுக்கு உள் புல்-அப்பும் இல்லை, புல்-டவுனும் இல்லை. நிரலில் புல்-அப் கேட்டாலும் கிடைக்காது. 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்குப் போவதால் அவற்றில் கைவைக்கவே கூடாது.

எப்போது செய்வது என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரல் தொடங்கியதும் முதல் வேலையாக எல்லாப் போர்ட்டுகளையும் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் தேவையான கால்களை ஒவ்வொன்றாக வேலைக்கு எடுப்பது. இதைத் தலைகீழாக, பயன்படாதவற்றைப் பெயர் சொல்லித் தேடிப்பிடித்து அணைக்க முயன்றால் ஒன்றிரண்டு நிச்சயம் விடுபடும். எஸ்டிஎம்32-இல் போர்ட்டின் கடிகாரத்தை இயக்காமல் அதன் ரெஜிஸ்டர்களில் எழுதினால் ஒன்றும் நடக்காது. இயக்கி, எழுதி, அந்தப் போர்ட் தேவையில்லை என்றால் திரும்ப அணைத்துவிடலாம். இரைச்சல் மிகுந்த இடங்களுக்குப் போகும் கருவிகளில் இந்த அமைப்பை அவ்வப்போது மறுபடி எழுதுபவர்களும் உண்டு. ஒரு ரெஜிஸ்டர் தற்செயலாகப் புரண்டாலும் அடுத்த சுற்றில் சரியாகிவிடும். வீட்டுக் கருவிக்கு அது மிகை.

என் தீர்ப்பு இது. உள்ளீட்டுச் சுற்றையே அணைக்கும் வசதி சிப்பில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு; மின்செலவுக்கும் நல்லது, சால்டர் வழிந்தாலும் ஆபத்தில்லை. அது இல்லாத சிப்பில் உள் புல்-அப். மூடிய பெட்டிக்குள் போய், இனி யாரும் கைவைக்கப்போவதில்லை என்று உறுதியான போர்டில், அதுவும் இரைச்சல் மிகுந்த இடமென்றால், 0-இல் நிற்கும் வெளியீடு. மின்கம்பியில் ஓடும் கருவிக்கு இதனால் மின்செலவில் பெரிய மிச்சம் வராது. அதற்காக விட்டுவிடவும் வேண்டாம், நாலு வரி நிரல்தான். டேட்டாஷீட்டில் இந்த விஷயத்துக்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் ஒரு பத்தி. புதிய சிப்பைக் கையில் எடுக்கும்போது அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள். அதே சிப்பின் பிழைப்பட்டியலையும் சேர்த்து.